330ஐ, சி200, ஏ4: வளைவில் எது தேறும்?

பழைய கார் சந்தையில் பிஎம்டபிள்யூ 330ஐ, பென்ஸ் சி200, ஆடி ஏ4 மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் எடுத்தது, 3 சீரிஸின் ஜி20 தலைமுறையைச் சேர்ந்த 330ஐ. அதனால் இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எஞ்சின் கணக்கை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். 330ஐ 258 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர். பென்ஸ் சி200 204, 300. ஆடி ஏ4 190, 320. நெடுஞ்சாலையில் லாரியை முந்த மூன்றுமே போதும். உள்ளே உட்கார்ந்ததும் மனதை இழுப்பது பென்ஸ்தான். அதில் சண்டை இல்லை.

எனக்கு முடிவைத் தந்தது எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. ஏ4-ல் எஞ்சின் முன் அச்சுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் விற்ற ஏ4-ன் 40 டிஎஃப்எஸ்ஐ பெட்ரோல் வகையில், நான்கு சக்கரமும் இழுக்கும் குவாட்ரோவும் கிடையாது, முன் சக்கர இழுவைதான். வண்டியைத் திருப்புவதும் இழுப்பதும் அதே இரண்டு டயர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற பாதையில், வளைவு முடியுமுன் ஆக்சிலரேட்டரை மிதித்தால் மூக்கு வெளிப்பக்கமாக அகலப் பார்க்கும். 330ஐ-யில் எஞ்சின் பின்தள்ளி இருக்கிறது. எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி, உந்துவது பின் சக்கரம். முன் டயருக்குத் திருப்புவது மட்டுமே வேலை. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவே வண்டி திரும்புகிறது, பாதி வளைவில் திருத்த வேண்டியதில்லை. ஆனால் சாலையின் சொரசொரப்பைக் கைக்குச் சொல்வதில் 3 சீரிஸின் பழைய ஈ90 தலைமுறையின் ஹைட்ராலிக் ஸ்டியரிங்குக்கு இது ஈடாகாது.

சி200-ம் பின் சக்கர உந்துதல்தான். ஆனால் அது சொகுசுக்காக இளக்கி வைத்த வண்டி. மேடுபள்ளத்தில் வேகமாகப் போனால் வண்டியின் உடல் ஒருமுறை கூடுதலாக எழுந்து அமர்கிறது. ஜி20-யின் ஷாக் அப்சார்பர், சக்கரம் அதிகம் ஏறி இறங்க இறங்க, தானே இறுகும்படி அமைந்தது. அதனால் ஒரே அசைவில் அடங்கிவிடுகிறது. ஆடியை நான் மலையில் ஓட்டியதில்லை, ஊருக்குள் ஒரு டெஸ்ட் டிரைவ் மட்டுமே. அதைப் பற்றிச் சொன்னதில் பாதி அமைப்பை வைத்துச் சொன்னது.

அப்புறம், என் அப்பாவுக்கு பென்ஸ்தான் பிடித்திருந்தது. பின் சீட்டில் உட்காருபவருக்கு அது நியாயமான தேர்வு. பின் சீட்டும் வேண்டும், பிஎம்டபிள்யூவும் வேண்டும் என்றால் இதையே நீட்டிய 330எல்ஐ இருக்கிறது. முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான இடைவெளி 110 மில்லிமீட்டர் அதிகம். சென்னைக்குப் பக்கத்து மகேந்திரா சிட்டியில் அசெம்பிள் ஆகும் வண்டி என்ற சொந்தப் பாசமும் எனக்கு உண்டு, விலையில் அந்தப் பாசம் தெரியாவிட்டாலும்.

330ஐ வாங்குவதாக இருந்தால் முதலில் டயரைக் குனிந்து பாருங்கள். ரன்-ஃப்ளாட் என்றால் பக்கச்சுவர் கெட்டி. பஞ்சரானாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் ஓடும், ஆனால் குழியில் விழுந்தால் இடுப்புக்குத் தெரியும். சாதா டயருக்கு மாற்றினால் சவாரி மென்மையாகும். அப்போது டிக்கியில் ஸ்டெப்னியோ காற்றடிக்கும் பம்போ இல்லாமல் மலையேறக் கூடாது.