42.30 வேறு, 42°30' வேறு: 11 வருடக் கால்குலேட்டர் அனுபவம்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று மதுரையைச் சுற்றித் தனியாக சர்வே வேலை பார்க்கிறேன். 2014-ல் டவுன்ஹால் ரோட்டில் 1000 ரூபாய்க்குள் வாங்கிய சயின்டிஃபிக் கால்குலேட்டர் இன்றும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. போனில் ஆப் இருக்கிறது, லேப்டாப்பில் எக்செல் இருக்கிறது. ஆனாலும் வரப்பில் நின்று கோணத்தை மாற்றிப் பார்க்க இதைத்தான் எடுக்கிறேன்.

காரணம் ஒரே ஒரு பொத்தான். சின்ன வட்டம், ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு போட்டிருக்குமே, அதுதான். 42 அடித்து அதை அழுத்தி, 30 அடித்து மறுபடி அழுத்தினால் 42 டிகிரி 30 நிமிடம் உள்ளே போய்விடும். விடை வந்த பிறகு அதையே அழுத்தினால் 42.5 என்று தசமத்தில் காட்டும், இன்னொரு முறை அழுத்தினால் பழையபடி டிகிரி, நிமிடம், விநாடி. ஐந்து மூலை நிலத்தில் உள்கோணங்களைக் கூட்டினால் 540° வர வேண்டும். முன்பெல்லாம் விநாடியைக் கூட்டி, 60-ஐக் கழித்து, நிமிடத்துக்கு ஏற்றி, நோட்டில் அடித்துத் திருத்தி எழுதுவேன். இப்போது ஐந்தையும் வரிசையாக அடித்தால் போதும். 539°59'20" என்று வந்தால் 40 விநாடி குறைகிறது, மூலைக்கு 8 விநாடி சேர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம்.

கால்குலேட்டர் கணக்கில் ஒருநாளும் தப்பு செய்ததில்லை. தப்பெல்லாம் நான் எந்த அலகில் கொடுக்கிறேன், அது எந்த அலகாக எடுத்துக்கொள்கிறது என்ற இடத்தில்தான். மூன்று விதமாகவும் மாட்டியிருக்கிறேன்.

முதலாவது ரேடியன். முழு வட்டத்தை 360 என்று வைக்காமல் 2π, அதாவது சுமார் 6.28 என்று வைக்கும் கோண அலகு அது. இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகள் ஒருநாள் இரவு வாங்கிப்போய் ரேடியன் மோடிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் 86.40 மீட்டர் நீளமுள்ள ஒரு கோடு, பேரிங் (வடக்கிலிருந்து வலப்பக்கமாக அளக்கும் கோணம்) 42°30'. வடக்கே 63.70 மீட்டரும் கிழக்கே 58.37 மீட்டரும் வர வேண்டும். வந்ததோ 7.64, அப்புறம் மைனஸ் 86.06. வடகிழக்கே போகிற கோட்டுக்கு மைனஸ் வந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். அதனால் இந்தத் தப்பு ஆபத்தில்லாதது.

கிரேடியன் அப்படி இல்லை. ஒரு வட்டத்தை 400 பங்காக வைக்கும் அலகு அது, செங்கோணம் அதில் 100. மோடை மாற்றும் அவசரத்தில் பக்கத்து எண்ணை அழுத்தி அதில் போய் நின்றிருக்கிறேன். அதே கோட்டுக்கு 67.85, 53.49 என்று வந்தது. பார்த்தால் நம்பும்படிதான் இருக்கிறது. ட்ராவர்ஸ், அதாவது கோடு கோடாக அளந்து கிளம்பிய புள்ளிக்கே திரும்பும் சுற்று, மூடாமல் போனதால்தான் பிடித்தேன்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவிகளில் சில 42 டிகிரி 30 நிமிடத்தை 42.3000 என்று ஃபைலில் எழுதும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம் இல்லை, நிமிடமும் விநாடியும். மேலூர்ப் பக்கம் ஒரு வேலையில் அதை அப்படியே 42.30 என்று அடித்துவிட்டேன். விடை 63.90, 58.15. இரண்டு பக்கமும் சுமார் 20 சென்டிமீட்டர் வித்தியாசம். அது மூலையிலிருந்து தனியாக எடுத்த ஒரு கோடு, மூடிப் பார்க்க வழியில்லை. கூட வந்த தம்பி கல்லைப் பிடித்துக்கொண்டே, "அண்ணே, கல்லு வரப்பு மேல ஏறுதுண்ணே, ஒரு தடவை பாருங்க" என்றான். அவன் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் சுவர் எழும்பியிருக்கும். பங்காளிகளுக்குள் 20 சென்டிமீட்டர் என்றால் கோர்ட் வரைக்கும் போகிற விஷயம். அன்றிலிருந்து கருவியில் வருவதை நோட்டில் எழுதும்போதே டிகிரி குறி, நிமிடக் குறி போட்டுத்தான் எழுதுகிறேன்.

மேப்பிலும் இதே கதைதான். மதுரை 9°55'31" வடக்கு, 78°07'11" கிழக்கு. தசமத்தில் 9.9253, 78.1197. இதை 9.5531, 78.0711 என்று அடித்துப் பாருங்கள். புள்ளி சுமார் 41 கிலோமீட்டர் தெற்கே, அருப்புக்கோட்டைப் பக்கம் போய் விழும். வாட்ஸ்அப்பில் இடத்தை அனுப்புகிறவர்களிடம் எந்த முறையில் எழுதியது என்று கேட்டுவிட்டே வண்டியை எடுக்கிறேன்.

இந்த 60 கணக்கு நமக்குப் புதிதில்லை. பஞ்சாங்கத்தில் இருக்கிற பாகை, கலை, விகலை இதேதான். 360-ஐ 27 நட்சத்திரத்துக்கு வகுத்து அந்தப் பொத்தானை அழுத்தினால் 13°20' வரும், அதாவது 800 கலை. ஊரில் ஜோசியம் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் இதைக் காட்டினேன். அவர் ஒரு நட்சத்திரத்தின் நான்கு பாதத்தை மனக்கணக்கிலேயே, பாதத்துக்கு 3 பாகை 20 கலை என்று நான் அடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

ரேடியன் எனக்கு இரண்டு இடத்தில்தான் வேண்டும். ஒன்று, ரோட்டு வளைவு. 40 மீட்டர் ஆரம், 36° கோணம் என்றால் 36° என்பது 0.6283 ரேடியன், ஆரத்தால் பெருக்கினால் வளைவின் நீளம் 25.13 மீட்டர். இன்னொன்று எக்செல். அது கோணத்தை ரேடியனாகத்தான் எடுத்துக்கொள்ளும், 30-க்கு சைன் கேட்டால் 0.5 வராது, மைனஸ் 0.988 வரும்.

மற்றபடி, சித்திரை வெயிலில் பைக் டேங்க் மேல் வைத்தால் திரை கறுத்துப்போகும், நிழலுக்குக் கொண்டுவந்தால் தெளிந்துவிடும். பேட்டரி இரண்டு முறை மாற்றினேன். அந்தப் பொத்தானின் எழுத்து தேய்ந்தே போனது, விரலுக்கு இடம் தெரியும் என்பதால் கவலையில்லை. தினமும் காலையில் முதல் வேலையாக சைன் 30 அடித்துப் பார்க்கிறேன். 0.5 வந்தால் டிகிரி, 0.454 வந்தால் கிரேடியன், மைனஸ் 0.988 என்றால் ரேடியன்.

புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் நின்றபடியே 42 டிகிரி 30 நிமிடம் அடித்து, அதைத் தசமமாக மாற்றச் சொல்லிப் பாருங்கள். ஒரே பொத்தானில் 42.5 வந்தால் வாங்குங்கள். மெனுவுக்குள் நாலு முறை போய்த் தேட வேண்டியிருந்தால் வயலில் அது உதவாது, வேறு மாடல் கேளுங்கள்.