தண்ணீரில் இறங்காத நீச்சல் பயிற்சியாளரிடம் பணம் கட்டாதீர்கள்

வாழப்பாடி பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அண்ணன்கள் இருவரும் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகினார்கள். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை அப்பாவின் கையில் இருக்கும். பெண் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்று என்னைப் படியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அந்த ஏக்கம் தீர வேண்டும் என்றுதான் 43 வயதில் சேலம் நகரத்தில் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். “பெரியவர்களுக்குத் தனி வகுப்பு, 20 நாளில் நீச்சல்” என்று வாசலில் தட்டி வைத்திருந்தார்கள். 6,500 ரூபாயை முழுதாகக் கட்டினேன்.

தனி வகுப்பு என்று எதுவும் இல்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளோடு என்னையும் நிறுத்தினார்கள். பயிற்சியாளர் கரையில் நாற்காலியை விட்டு எழவில்லை. ஒரு கையில் விசில், மறு கையில் கைபேசி. இரண்டு நாளும் பலகையைப் பிடித்துக் காலை அடிக்கச் சொன்னார். எவ்வளவு அடித்தும் நான் நகரவில்லை. “குழந்தைகளே போகிறார்கள், உங்களுக்கு என்னம்மா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கத்தினார். கணுக்கால் இறுகிப்போனவர்களுக்குப் பாதம் பின்னோக்கி நீளாது, அதனால் உதைப்பு வீணாகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கற்றுக்கொடுக்க வந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் எட்டடி ஆழப் பக்கம் அழைத்துப் போய்க் குதிக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். “பயம் போக இதுதான் வழி” என்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்.

மூக்கில் நீர் ஏறியது, தொண்டை அடைத்துக்கொண்டது. கத்த முடியவில்லை. மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூப்பிடுவார் என்று நாம் நினைக்கிறோம். மூச்சுக்கே வாய் போதாதபோது குரல் எங்கிருந்து வரும்? சத்தமில்லாமல்தான் உள்ளே போனேன். உயிர்காப்பாளர் என்று அங்கே ஒருவரும் இல்லை. பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் ஒருவர்தான் இழுத்துக் கரையில் போட்டார். அந்தத் தம்பி நன்றாக இருக்கட்டும். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே, “இனி பயம் இருக்காது” என்றார். அதற்குப் பிறகு பல வாரங்கள், தலையில் செம்புத் தண்ணீர் ஊற்றினாலே எனக்கு நெஞ்சு படபடத்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “கட்டிய பணம் திரும்பக் கிடையாது” என்ற வரியைக் காட்டினார்கள். ரசீது என்று தந்த துண்டுச் சீட்டில் குளத்தின் பெயர்கூட இல்லை. நீங்கள் கட்டும்போது பெயரும் தேதியும் உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்வதற்கும் அது கையில் இருப்பது நல்லது.

எட்டு மாதம் கழித்து, தங்கை வற்புறுத்தி வேறொருவரிடம் அழைத்துச் சென்றாள். அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். முதலில் கேட்டது, “தண்ணீரில் உங்களுக்கு ஏதாவது நடந்திருக்கிறதா?” என்பதுதான். அடுத்துக் காது, வலிப்பு, இரத்த அழுத்தம் பற்றி விசாரித்தார். பிறகு மார்பளவு நீரில் அவரே இறங்கி என் எதிரில் நின்றார். முதல் வாரம் கை கால் அடிக்கவே விடவில்லை. முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை மெதுவாகக் குமிழியாக விடுவது, அவ்வளவுதான். உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலை தூக்கிய நொடியில் விடவும் இழுக்கவும் முயல்வதால்தான் பெரியவர்களுக்கு இரைக்கிறது என்று விளக்கினார்.

அடுத்து அவர் சொல்லிக்கொடுத்ததுதான் என் பயத்தைப் போக்கியது. மிதக்கும் நிலையிலிருந்து எழுந்து நிற்பது எப்படி? முழங்காலை வயிற்றுப் பக்கம் இழுத்து, இரு கைகளாலும் நீரைக் கீழே அழுத்தி, தலையைத் தூக்கினால் கால் தரையில் ஊன்றிவிடும். வேண்டும்போது நிற்க முடியும் என்று தெரிந்ததும் உடம்பு தானாகத் தளர்ந்தது. தளர்ந்த உடம்பு மிதந்தது. நான் அழுதுவிட்டேன். அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

சுவரில் பதக்கங்களும் சான்றிதழ்களும் மாட்டியிருந்தால் மயங்காதீர்கள். என்னைத் தள்ளியவரும் மாட்டியிருந்தார். பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். பயிற்சியாளர் நனைந்திருக்கிறாரா, பயந்தவரிடம் எப்படிப் பேசுகிறார், கண்காணிக்கத் தனியாக ஒருவர் நிற்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்க அனுமதிக்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

கோடை விடுமுறைக்காக அதே குளத்தில் அதே தட்டியை மறுபடியும் வைத்திருக்கிறார்கள். நேற்று அந்த வழியாகப் போனபோது, என் வயதுள்ள ஒரு பெண் அதன் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தி, நடந்ததை முழுவதும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.