யூஎஸ்பி–பேரலல் கேபிள்: விளம்பரத்தில் போர்ட், பெட்டிக்குள் பிரிண்டர் ஒயர்

பழைய சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் இயக்கும் வெட்டும் இயந்திரம்), ஈப்ராம் புரோகிராமர் (மெமரி சிப்பில் எழுதும் கருவி), பேரலல் டாங்கிள் (மென்பொருளின் உரிமப் பூட்டு) வைத்திருப்பவர்கள் புதுக் கம்ப்யூட்டருக்கு மாறும்போது தவறாமல் ஏமாறும் பொருள் ஒன்று உண்டு. ஒரு முனையில் யூஎஸ்பி, மறுமுனையில் 25 ஓட்டை டிபி25 கனெக்டர். "பேரலல் போர்ட் அடாப்டர், ஐஇஇஇ 1284, எல்லா விண்டோஸிலும் வேலை செய்யும்" என்று விளம்பரம் (ஐஇஇஇ 1284 என்பது பேரலல் இணைப்புக்கான தரநிலை). இதில் முதல் இரண்டு சொல்லைத் தவிர மற்றது பெரும்பாலும் உண்மை. அதனால்தான் புகார் கொடுத்தாலும் விற்றவர் நழுவிவிடுகிறார்.

செருகியதும் டிரைவர் தானாக ஏறும், மஞ்சள் குறிகூட வராது. ஆனால் டிவைஸ் மேனேஜரின் போர்ட்ஸ் பகுதியில் எல்பிடி1 (முதல் பேரலல் போர்ட்டுக்கு விண்டோஸ் தரும் பெயர்) இருக்காது. யூஎஸ்பி கன்ட்ரோலர்களின் கீழே 'யூஎஸ்பி பிரிண்டிங் சப்போர்ட்' என்று ஒரு வரி மட்டும் நிற்கும். பிரிண்டர் சேர்க்கப் போனால் போர்ட்டின் பெயர் யூஎஸ்பி001. லினக்ஸில் பேரலல் போர்ட்டுக்கான பார்போர்ட்0 உருவாகாது, யூஎஸ்பி பிரிண்டராக மட்டும் தெரியும். இவற்றைப் பார்த்த உடனே பெட்டியை மூடித் திருப்பி அனுப்புங்கள். மெஷின் பக்கம் ஒயரிங்கைத் தோண்ட வேண்டாம், அங்கே ஒரு கோளாறும் இல்லை.

நிஜமான பேரலல் போர்ட் என்பது ப்ராசசரின் ஐ/ஓ (உள்ளீடு/வெளியீடு) முகவரியில் உட்கார்ந்திருக்கும் மூன்று ரெஜிஸ்டர்கள் (ஒரு பைட் வைக்கும் இடங்கள்). வழக்கமாக 378 ஹெக்ஸில் தொடங்கும். அங்கே எழுதும் பைட், 2 முதல் 9 வரையான பின்களில் வோல்டேஜாக அப்படியே நிற்கும். 379இல் 10, 11, 12, 13, 15 ஆகிய ஐந்து உள்ளீட்டுப் பின்களைப் படிக்கலாம். 37ஏ முகவரி 1, 14, 16, 17 பின்களுக்கு. பழைய மென்பொருள் இந்த முகவரிகளைத்தான் நேரடியாகத் தொடுகிறது. கேபிளுக்குள் இருக்கும் சிஎச்340எஸ், பிஎல்2305 போன்ற சிப்புகளுக்கு அப்படி ஒரு முகவரியே கிடையாது. யூஎஸ்பி வழியே வரும் பைட்டுகளை வாங்கி, பிரிண்டரின் பிஸி சிக்னல் இறங்கும்வரை காத்திருந்து, ஸ்ட்ரோப் ('பைட் தயார்' என்னும் துடிப்பு) அடித்துத் தள்ளிவிடும். ஒரு பின்னை மட்டும் ஏற்றி இறக்கு என்று அதனிடம் சொல்ல வழியில்லை.

வழி இருந்தாலும் நேரம் ஒத்துவராது. சிஎன்சி மெஷினை ஓட்டும் மாக்3 மென்பொருள் 25 கிலோஹெர்ட்ஸில் ஓடினால் 40 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை பின்னைத் தொட வேண்டும். யூஎஸ்பியின் துடிப்போ ஃபுல் ஸ்பீடில் 1 மில்லிவினாடி, ஹை ஸ்பீடிலேயே 125 மைக்ரோவினாடி.

வேலை செய்யவில்லை என்று எழுதினால் வரும் பதில்கள் மனப்பாடம் போல ஒன்றாகவே இருக்கும்: டிரைவரை மாற்றுங்கள், வேறு யூஎஸ்பி துளையில் செருகுங்கள், எல்பிடி எமுலேட்டர் போடுங்கள். அந்த எமுலேட்டர் எல்பிடி1க்குப் போகும் பிரிண்ட் வேலையை வேறு பிரிண்டருக்குத் திருப்புவது, பின்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடும்.

இதைவிட மோசம், டிபி25 சீரியல் அடாப்டரையே பேரலல் என்று தள்ளிவிடுவது. கம்ப்யூட்டர் பக்கத்துப் பேரலல் கனெக்டரில் ஓட்டைகள் இருக்கும், சீரியலில் ஊசிகள். ஊசி வந்திருந்தால் ஜெண்டர் சேஞ்சர் (ஊசியை ஓட்டையாக மாற்றும் துண்டு) போட்டுச் சமாளிக்காதீர்கள். சீரியலின் ஆர்எஸ்232 லைனில் நெகட்டிவ் வோல்டேஜும் வரும், 5 வோல்ட்டுக்கு மேலும் போகும். பாதுகாப்பு இல்லாத போர்டின் இன்புட் சிப் அதில் போய்விடும்.

கம்ப்யூட்டருக்குள் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு நிஜமான போர்ட்தான், ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. அதன் முகவரி 378ஆக இருப்பது அரிது, இ010 போல எங்கோ மேலே விழும். முகவரியை மாற்ற இடம் தரும் மென்பொருள் (லினக்ஸ்சிஎன்சி, மாக்3) தப்பிக்கும், 378ஐ உள்ளேயே எழுதிவைத்த டாஸ் காலத்து மென்பொருள் தப்பிக்காது. மாக்3யின் பேரலல் டிரைவர் 32 பிட் விண்டோஸில் மட்டுமே ஓடும். லேப்டாப்புக்கு எக்ஸ்பிரஸ்கார்டு (பக்கத்துத் துளையில் செருகும் கார்டு) வாங்குகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்: அந்தத் துளையில் யூஎஸ்பி லைனும் இருப்பதால், சில கார்டுகளுக்குள் இருப்பது மேலே சொன்ன அதே பிரிண்டர் சிப்தான்.

கார்டு வந்த அன்றே சோதியுங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் ரிசோர்சஸ் தாவலில் முகவரியைக் குறித்துக்கொண்டு, 64 பிட் விண்டோஸ் என்றால் இன்பவுட்எக்ஸ்64 (போர்ட்டில் நேரடியாக எழுத உதவும் டிரைவர்) மூலம் அதில் 255 எழுதுங்கள். மீட்டரை 2ஆம் பின்னுக்கும் 25ஆம் பின்னுக்கும் (கிரவுண்ட்) இடையே வையுங்கள். பிறகு 0 எழுதிப் பாருங்கள். இறங்கினால் போர்ட் நிஜம். ஏறியபோது 3.3 வோல்ட் மட்டும் காட்டினால் வேறொரு தொல்லை காத்திருக்கிறது. மெஷினின் மோட்டாரை ஓட்டும் ஸ்டெப்பர் டிரைவரின் பிளஸ் முனைகளைப் பொதுவாக 5 வோல்ட்டில் கட்டியிருந்தால், பின் 'ஹை'யில் இருக்கும்போதும் 1.7 வோல்ட் மிச்சம் நிற்கும். டிரைவருக்குள் இருக்கும் ஆப்டோகப்ளர் (ஒளி வழியே சிக்னல் கடத்தும் சிப்) முழுக்க அணையாமல் ஸ்டெப் தவறலாம். நடுவே 5 வோல்ட்டில் ஓடும் 74எச்சிடி245 பஃபர் (சிக்னலை 5 வோல்ட்டுக்கு ஏற்றும் சிப்) உள்ள பிரேக்அவுட் போர்டு போட்டால் தீரும்.

இதற்கெல்லாம் முன்னால் மதர்போர்டைத் திறந்து பாருங்கள். பின்பக்கம் போர்ட் இல்லாத சில போர்டுகளில் எல்பிடி என்று அச்சிட்ட 26 ஊசி ஹெடர் இருக்கும், ஒரு பிராக்கெட் கேபிள் போதும். பயாஸில் 378, ஐஆர்க்யூ (குறுக்கீட்டு எண்) 7 என்று வைத்துவிட்டால் பழைய மென்பொருளுக்கும் அதுதான் மிகச் சரியான போர்ட்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு மட்டும் என்றால் அந்த யூஎஸ்பி கேபிளே போதும். எல்பிடி1க்கு அச்சிடும் பழைய நிரல் இருந்தால் பிரிண்டரை இடைவெளி இல்லாத பெயரில் ஷேர் செய்து, 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1ஐ அந்த ஷேருக்குக் கட்டிவிடலாம்.

வாங்கும் முன் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: "ரிசோர்சஸ் தாவலில் ஐ/ஓ முகவரி காட்டுமா?" ஆம் என்றால் அந்தப் பதிலைச் சேமித்துவையுங்கள். திருப்பி அனுப்பும்போது 'வேலை செய்யவில்லை' என்று எழுதினால் மறுபடி டிரைவர் பாடம்தான் நடக்கும். 'விவரிப்பில் சொன்ன பொருள் அல்ல, ஐ/ஓ முகவரி இல்லை' என்று எழுதி, டிவைஸ் மேனேஜர் படத்தையும் சேமித்த பதிலையும் இணையுங்கள்.