முதல் வேலைக்கு ரியாக்டா, வெறும் ஜாவாஸ்கிரிப்டா?

எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்கு ஒரு வலைப்பக்கம்: முப்பது புடவைப் படம், விலை, வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்ப ஒரு பட்டன். புதிதாகக் கற்பவர் கைக்கு வரும் முதல் வேலை பெரும்பாலும் இந்த அளவுதான். இதற்கு வெறும் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் போதும், ஜாவாஸ்கிரிப்டில் பக்கம் கட்ட உதவும் நூலகமான ரியாக்ட் வேண்டாம் என்பதே என் கட்சி.

வேகத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். சுருக்காமல் ஏற்றிய படங்கள்தான் பக்கத்தை இழுக்கும்; அது இரண்டுக்கும் பொது.

ரியாக்டின் பலம் வேறு இடத்தில். கூடையில் ஒரு புடவை சேர்ந்தால் எண்ணிக்கை, மொத்தம், தள்ளுபடி மூன்றும் மாற வேண்டும். கையால் எழுதினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும், ரியாக்ட் விடாது.

ஆனால் தீபாவளிக்கு முன் கடைக்காரர் கூப்பிட்டு, "தம்பி, விலையை மாத்தணும்" என்பார். ஹெச்டிஎம்எல் என்றால் கோப்பைத் திறந்து, எண்ணை மாற்றி, ஏற்றினால் முடிந்தது. ரியாக்டில் சர்வரில் கிடப்பது பில்ட் ஆன கோப்பு, அதாவது நாம் எழுதிய மூலத்தைக் கருவி சுருக்கி மாற்றித் தந்தது; அதில் கை வைக்க முடியாது. மூலக் கோப்புகள் பழைய லேப்டாப்போடு போயிருந்தால் கதை அங்கேயே நின்றது. மூலம் கையில் இருந்தாலும், புது நோட் பதிப்பில் (பில்ட் கருவிகளை ஓட்டும் மென்பொருள் நோட்) பழைய பில்ட் ஓடுமா என்பது அடுத்த தலைவலி. 2021-இல் நோட் 17, ஓபன்எஸ்எஸ்எல் 3 என்ற குறியாக்க நூலகத்துக்கு மாறியதும், வெப்பேக் 4 என்ற பில்ட் கருவியை நம்பியிருந்த பல புராஜெக்ட்கள் பில்ட் ஆகாமல் நின்றன. ரியாக்டைப் போன்ற மற்றவற்றுக்கும் இதே கதிதான்: ஏங்குலர்ஜேஎஸ் ஆதரவு 2022 ஜனவரியில் முடிந்தது, வியூ 2-க்கு 2023 டிசம்பரில். புது ரியாக்ட் புராஜெக்ட் தொடங்க ஊரெல்லாம் கற்றுக்கொடுத்த கிரியேட் ரியாக்ட் ஆப் கருவியையும் 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே ஓரங்கட்டிவிட்டது. பிரவுசரோ பழைய பக்கத்தை அநேகமாக உடைப்பதில்லை.

வெறும் ஜாவாஸ்கிரிப்டிலும் அடி உண்டு. ஸ்கிரிப்ட்டைப் பக்கத்தின் மேலே போட்டு, 'பக்கத்தைப் படித்து முடித்தபின் ஓடு' என்னும் டிஃபர் சேர்க்காவிட்டால், தேடும் பட்டன் இன்னும் உருவாகியிருக்காது. 'நல்' (எதுவும் இல்லை) என்று வரும். பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் போட்ட விலை எழுத்தாகத்தான் திரும்பும்: 850-உடன் 650 கூட்டினால் 850650. எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்ட வேண்டும். வாட்ஸ்அப் லிங்கில் செய்தியை என்கோட் செய்யாவிட்டால் (லிங்குக்கு ஏற்ற குறியீடாக மாற்றாவிட்டால்) '&' வந்த இடத்தோடு ஆர்டர் அறுந்துவிடும். இந்த மூன்றில் பின்னிரண்டையும் ரியாக்டும் தடுக்காது.

ரியாக்டில் தொடங்குபவர் பட்டனின் ஆன்கிளிக்கில் ஃபங்ஷன் பெயரோடு அடைப்புக்குறியும் போட்டுவிடுவார். பக்கம் வரையும்போதே அது ஓடிவிடும். ஃபங்ஷனைக் கொடுப்பது வேறு, அழைப்பது வேறு என்று ஜாவாஸ்கிரிப்டில் பழகியவருக்கு அது ஒரு நிமிட வேலை.

சென்னையில் ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆர். பக்கம் வேலை தேடினால் ரியாக்ட் கேட்பார்கள், கற்கத்தான் வேண்டும். எத்தனை வாரம் கழித்து என்பது ஆளைப் பொறுத்தது. இதே புடவைப் பக்கத்தைக் கூடையோடு ஒருமுறை கையால் முடித்துவிட்டு, வைட் என்ற பில்ட் கருவியை வைத்து ரியாக்டில் திரும்பக் கட்டிப் பார்க்கலாம். கடைக்கே ரியாக்ட்தான் என்றால் மூலத்தை கிட்டில் (கோப்புகளின் ஒவ்வொரு பதிப்பையும் காத்து வைக்கும் கருவி) ஏற்றுங்கள், பயன்படுத்திய நூலகங்களின் பதிப்பைக் குறித்து வைக்கும் பேக்கேஜ்-லாக் கோப்பையும் சேர்த்து. நோட் பதிப்பை ரீட்மீ என்ற குறிப்புக் கோப்பில் எழுதுங்கள். அடுத்த தீபாவளிக்கு நூலகங்களை இறக்க 'என்பிஎம் இன்ஸ்டால்' கட்டளை வேண்டாம், 'என்பிஎம் சிஐ' கொடுங்கள். லாக்கில் உள்ள அதே பதிப்புகள் இறங்கும்.