ஆய்வுகூடத் தொட்டியா, 2004இன் சுவர் அடையாளமா? திருகோணமலைச் சுனாமி மாதிரியைச் சோதித்தல்

நிலாவெளி முதல் மூதூர் வரையான கரைக்குச் சுனாமிக் கணினி மாதிரி ஒன்றை அமைத்தவர் அது சரியானது என்று சொன்னால், எந்த வேலைக்குச் சரியானது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். மக்கள் வெளியேற வேண்டிய எல்லையை வரையப் போதுமான மாதிரி, துறைமுகத்துக்குள் நீரோட்ட வேகத்தைக் கணிக்கப் போதாமற் போகலாம்.

மாதிரியை இயக்கும் கணினி நிரல் தன் சமன்பாடுகளைப் பிழையின்றித் தீர்க்கிறதா என்று பார்க்க ஆய்வுகூடச் சோதனைக்கு நிகரில்லை. 1993இல் ஜப்பானின் ஒகுஷிரித் தீவில், மோனாய் பள்ளத்தாக்கில் 30 மீற்றருக்கு மேல் ஏறிய சுனாமியை 1:400 அளவில் தொட்டியில் மீள உருவாக்கினார்கள். தரையின் வடிவம், உட்செலுத்திய அலை, அளந்த நீர்மட்டம் மூன்றும் தெரிந்திருப்பதால் பிழை ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆனால் அத்தொட்டி திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை அறியாது. இங்கே கரைக்கு மிக அருகிலேயே ஆழ்கடற் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. ஆழத்தில் விரையும் அலை, ஆழங்குறைந்த பக்கங்களை நோக்கி வளைகிறது. கடலடித் தரவில் அந்தப் பள்ளத்தாக்கு மழுங்கியிருந்தால், பிழையற்ற நிரலும் பிழையான விடையையே தரும்.

2004 டிசம்பர் 26இன் சுனாமி விட்டுச்சென்ற அடையாளங்கள் இந்த ஊருக்கே உரிய சான்று. அவற்றை வாசிக்கத்தான் பொறுமை வேண்டும். கிண்ணியாவில் ஒரு வீட்டின் உட்சுவரில் யன்னல் மட்டத்தில் படிந்த சேற்றுக்கோடு, அலை உச்சத்தில் இருந்தபோது விழுந்ததா, பிறகு தேங்கி நின்ற நீர் விட்டுச்சென்றதா என்று பிரித்தறியாமல் அதை அளவீடாகக் கொள்ள முடியாது. நேரமும் அப்படித்தான். அன்று இலங்கை நேரம் உலக நேரத்துக்கு 6 மணித்தியாலம் முன்னே இருந்தது. 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்கு மாறியது. சாட்சிகள் சொன்ன மணியை இன்றைய கணக்கில் எடுத்தால், நல்ல மாதிரியிலும் அரை மணி நேரப் பிழை தோன்றும். இவற்றைவிடப் பெரிய தவறு, அடையாளங்களோடு ஒத்துவரும்வரை தரையின் உராய்வுக் குணகத்தை (தரை நீரோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற எண்ணை) மாற்றிவிட்டு, அதே அடையாளங்களைக் காட்டி மாதிரி நிரூபணமானது என்பது. அது அளவுதிருத்தம் மட்டுமே. ஒரு பகுதி அடையாளங்களை மாதிரி அமைப்பவர் கண்ணில் படாமல் ஒதுக்கிவைத்தே சோதிக்க வேண்டும்.

இன்னொரு மாதிரியோடு ஒப்பிடுவதை நான் சான்றாக ஏற்பதில்லை. இரண்டும் ஒரே கடலடித் தரவைக்கொண்டு ஒரே தவறைச் செய்யலாம்.

வெளியேற்ற எல்லைக்கு என் தெரிவு, தொட்டிச் சோதனையில் தேறிய நிரலை ஒதுக்கிவைத்த 2004 அடையாளங்களால் சோதிப்பதே. ஜப்பானியக் குடிசார் பொறியியலாளர் சங்கத்தின் அளவுகோல், அளந்த உயரத்தைக் கணித்த உயரத்தால் வகுத்து வரும் விகிதங்களின் பெருக்கல் சராசரி 0.95க்கும் 1.05க்கும் இடையிலும், சிதறல் 1.45க்குக் கீழும் இருக்கக் கேட்கிறது. நல்ல அளவுகோல்தான், ஆனாலும் நிலாவெளியில் கூட்டியும் கிண்ணியாவில் குறைத்தும் கணித்த மாதிரி சராசரியில் தேறிவிடும். ஆகவே தண்ணீர் வந்தும் மாதிரி வறண்ட நிலமாகக் காட்டிய இடங்களைத் தனியே எண்ண வேண்டும். அங்கேதான் ஆட்கள் வெளியேறாமல் நிற்பார்கள்.

துறைமுக நீரோட்டத்துக்கோ சுவர்க்கோடுகள் உதவா, ஏனெனில் அவை உயரத்தைச் சொல்லும், வேகத்தைச் சொல்லா. வேகம் அளக்கப்பட்ட சோதனையொன்றில் தேறும்வரை, அதே மாதிரியைக் கப்பல்களைத் துறையில் பிணைக்கும் கயிறுகளின் பலத்தைத் தீர்மானிக்கப் பயன்படுத்தலாகாது.