‘அந்த ஒரு இடத்தத்தான் மாத்துனோம்’: தூண் மாடலின் இரண்டாம் வெர்ஷனை நம்பி மரம் வெட்டாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைச் சீர்செய்பவர்கள் பலர் இப்போது தூண், போதிகை (தூணின் தலையில் உட்காரும் கட்டை), நிலைச் சிற்பம் போன்றவற்றை முதலில் கேட் மாடலாக (கணினியில் வரையும் 3டி வடிவம்) வரையக் கொடுத்து, பிறகு சி.என்.சி.யில் (அந்த மாடலின்படி வெட்டும் கணினி இயந்திரம்) வெட்டுகிறார்கள். அப்படி ஒரு வேலையில் நடந்த ஏமாற்று இது. வரைந்து கொடுத்த இடத்தின் பெயரைப் போடவில்லை. ஃபைல்கள் காட்டியதை மட்டும் எழுதுகிறோம்.

வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதி) அடி உளுத்துப்போன ஒரு தேக்குத் தூணுக்கு மாற்று செய்ய வேண்டும். நாக்கோடு சேர்த்து உயரம் 2,700 மி.மீ. தண்டின் விட்டம் 180. அடியில் 240-க்கு 240 நேர்ச்சதுரம். உச்சியில் போதிகைத் துளைக்குள் இறங்கும் நாக்கு 60-க்கு 60, உயரம் 75. முதல் மாடலில் குறை இல்லை. பிறகு அடிக்கல்லைத் தாழ்த்த வேண்டி வந்ததால் கேட்ட திருத்தம் ஒன்றே ஒன்று: அடிச்சதுரத்தின் உயரத்தில் 18 மி.மீ. கூட்டுங்கள், அதற்கு மேலே கை வைக்காதீர்கள்.

இரண்டாம் ஃபைல் வந்தது. “அண்ணே, நீங்க சொன்ன அந்த ஒரு இடத்தத்தான் மாத்தியிருக்கோம், வேற எதையும் தொடல” என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி. கூடவே, முழு மாடலையும் புதிதாக வரைந்ததாக ஒரு பில். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பதே முதல் எச்சரிக்கை மணி. மொத்த உயரம் 2,718 என்று சரியாக இருந்ததால் மரம் வெட்டப்பட்டது. தூணை நிறுத்தியபோது நாக்கு துளைக்குள் இறங்கவில்லை. அடிப்பக்கத்து வளையம், பக்கத்துத் தூண்களின் வளையத்தைவிட 15 மி.மீ.க்கு மேல் கீழே நின்றது. முற்றத்தைச் சுற்றி வரிசையாக நிற்கும் தூண்களில் இது வாசலிலிருந்தே தெரியும்.

நடந்தது இதுதான். அடியை நீட்டாமல், தூண் முழுவதையும் 1.00667 மடங்கு ஸ்கேல் செய்துவிட்டார்கள், அதாவது எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கிவிட்டார்கள். 2,700 என்பது 2,718 ஆகிவிடும். அரை நிமிட வேலை. ஆனால் தண்டு 181.2 ஆகிறது, நாக்கு 60.4 ஆகிறது, அடியிலிருந்து 300-இல் இருந்த வளையம் 318-க்குப் போகாமல் 302-இல் நிற்கிறது. நாக்கைச் சீவிச் சரிசெய்யலாம். வளையத்தை என்ன செய்வது?

இதைவிட மோசமானது கூடவே வந்த 2டி டிராயிங். அதில் வளையத்தின் அளவு 318 என்றே இருந்தது. டைமென்ஷனை (அளவைக் காட்டும் குறியை) ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் தேர்ந்தெடுத்து ப்ராபர்ட்டீஸ் பார்த்தால், டெக்ஸ்ட் ஓவர்ரைடு என்ற இடத்தில் 318 என்று கையால் அடித்திருக்கிறது. அதே பலகையில் மெஷர்மென்ட் 302 என்கிறது. ஸ்கேல் செய்தது சோம்பல் என்று விட்டுவிடலாம். எண்ணை மேலே எழுதி மறைத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

ஆட்டோகேட் 2019 முதல் கம்பேர் கமாண்டு இருக்கிறது. இரண்டு டிராயிங்குகளையும் அதில் கொடுத்தால் ஒன்றில் மட்டும் இருப்பது பச்சையிலும், மற்றதில் மட்டும் இருப்பது சிவப்பிலும், பொதுவானது சாம்பல் நிறத்திலும் தெரியும். நிறங்களை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் எது எந்த ஃபைல் என்று முதலில் உறுதிசெய்யுங்கள். செட்டிங்ஸில் டெக்ஸ்ட், ஹேட்ச் (நிரப்புக் கோடுகள்) இரண்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும். டைமென்ஷன் மட்டும் நிறம் மாறி, அது அளக்கும் கோடு சாம்பலாகவே நின்றால் ஓவர்ரைடு என்று சந்தேகிக்கலாம்.

3டி-க்குக் காசு செலவில்லாத வழி ஃப்ரீகேட் என்ற மென்பொருள். இரண்டு வெர்ஷனையும் ஸ்டெப் ஃபைலாக (வளைவை வளைவாகவே வைத்திருக்கும் 3டி ஃபைல் வகை) கேளுங்கள். எஸ்.டி.எல். என்ற இன்னொரு ஃபைல் வகை வேண்டாம். அது வளைவை முக்கோணங்களாக உடைத்துவிடும். 180 விட்டத்தை 36 பட்டைகளாக உடைத்தால் பட்டையின் நடுவில் 0.34 மி.மீ. உள்ளே போய்விடும், 72 பட்டைகளில் 0.09 மி.மீ. ஒரு ஃபைல் 36-லும் மற்றது 72-லும் வந்தால், எதுவுமே மாறாத தூணிலும் எங்கும் வித்தியாசம் காட்டும். எஸ்.டி.எல். தன் அலகு மி.மீ.யா அங்குலமா என்றும் சொல்லாது.

இரண்டையும் ஒரே டாக்குமென்டில் இம்போர்ட் செய்து, பிளேஸ்மென்டில் புதியதை இசட் திசையில் 18 மி.மீ. கீழே இறக்குங்கள். மாறக்கூடாத பகுதி எதுவோ அதை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். இங்கே அது மேல்பகுதி. அடியை அடியோடு பொருத்தினால் நேர்மையாகச் செய்த மாடலும் மேலெல்லாம் பிசகியதாகத் தெரியும். பிறகு பார்ட் ஒர்க்பெஞ்ச் என்ற கருவித் தொகுப்பில் புதியதை முதலிலும் பழையதை அடுத்தும் தேர்ந்தெடுத்து கட் (முதலாவதிலிருந்து அடுத்ததைக் கழிக்கும் கட்டளை) கொடுத்தால், கூட்டியது மட்டும் மிஞ்சும். வரிசையை மாற்றிக் கொடுத்தால் குறைத்தது மட்டும் மிஞ்சும். இரண்டு பக்கமும் செய்தே ஆக வேண்டும். இந்தத் தூணில் முதல் கட்டில் 18 மி.மீ. பலகை ஒன்றும், இரண்டாவதில் வெறுமையும் வந்திருக்க வேண்டும். வந்ததோ வெங்காயத் தோல்போலத் தூணைச் சுற்றி 0.6 மி.மீ. ஏடும், வளைய வளையமாகத் துண்டுகளும்.

முகங்கள் ஏறக்குறைய ஒட்டி, மிகச் சிறு அளவில் விலகியிருக்கும்போது கட் தோற்றுப்போவதும் கந்தல் துண்டுகளைக் கொடுப்பதும் உண்டு. அப்போது கன அளவைப் பாருங்கள். 240 × 240 × 18 என்றால் 10,36,800 கன மி.மீ.; புதியது பழையதைவிட அவ்வளவுதான் கூடியிருக்க வேண்டும். சுமார் 7.2 கோடி கன மி.மீ. உள்ள தூணை ஸ்கேல் செய்தால் 14.5 லட்சம் கூடும். மனக்கணக்கிலேயே பிடிபட்டுவிடும். கன அளவு பொருந்திவிட்டது என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்: நிலைக்கதவின் இடப்பலகையை வலப்பலகையாகக் கண்ணாடிபோல் திருப்பிக் கொடுத்தாலும் கன அளவு மாறாது. ஈர்ப்பு மையத்தின் எக்ஸ், ஒய், இசட் எண்களையும் ஒப்பிட வேண்டும். சாலிட்ஒர்க்ஸ் என்ற கேட் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு டூல்ஸ் மெனுவின் கம்பேரில் ஜியாமெட்ரி ஒப்பீடே இருக்கிறது.

ஸ்டெப் என்பது எழுத்து ஃபைல்தானே, நோட்பேடில் இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடலாமே என்று சிலர் முயல்கிறார்கள். ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டிலும் வரிகளின் எண்கள் மாறக்கூடும், ஒன்றும் புரியாது. ஆனால் தலைப்பகுதியைப் படியுங்கள். எக்ஸ்போர்ட் செய்த தேதி, நேரம், எந்த மென்பொருள் என்பது அங்கே இருக்கும். நீங்கள் திருத்தம் கேட்ட நாளுக்கு முந்தைய தேதி இருந்தால் பழைய ஃபைலுக்குப் புதுப் பெயர் வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

முன்பணம் கொடுக்கும்போதே எழுத்தில் வாங்க வேண்டியவை: மூல ஃபைல் (வரைந்த மென்பொருளின் சொந்த ஃபைல்) ஸ்டெப்போடு சேர்ந்து வரும்; ஃபைல் பெயரில் வெர்ஷன் எண் இருக்கும்; ஒவ்வொரு திருத்தத்துக்கும் என்ன மாறியது என்று ஒரு வரி வரும்; திருத்தக் கட்டணம் இவ்வளவு. இங்கே மூல ஃபைலைக் கேட்டதும் “உங்க சாஃப்ட்வேர்ல ஓப்பன் ஆகாதுண்ணே” என்றார்கள். ஓப்பன் ஆகாவிட்டாலும் வாங்கி வையுங்கள். வேறு இடத்தில் திறந்து, எந்தப் படியில் ஸ்கேல் செய்தார்கள் என்று பார்த்துவிடலாம். ஸ்டெப்பில் அந்த வரலாறு இருக்காது.

ஏமாந்த பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அடுத்த படி சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். சொந்த வீட்டுக்குச் செய்த வேலை என்றால் நீங்கள் நுகர்வோர். அதே தூண் ஹோட்டலாக மாற்றும் வீட்டுக்கு என்றால் வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அங்கே ஒப்பந்தக் கடிதம்தான் கைகொடுக்கும். எதுவானாலும் வந்த இரண்டு ஃபைல்களையும் திறந்து சேவ் செய்யாமல், வந்தபடியே ஒரு நகலைத் தனியாக வைத்துவிட்டு, ஒப்பீட்டை வேறு நகலில் செய்யுங்கள்.