தத்சுகோவின் ஏரி: கொடைக்கானலில் கிடைக்கும் ஒரு ஹைக்கூ சிற்றேடு

கொடைக்கானல் ஏரிச் சாலையில் உள்ள ஒரு கைவினைப் பொருள் கடையில், யூகலிப்டஸ் தைலத்துக்கும் ஹோம்மேட் சாக்லேட்டுக்கும் பக்கத்தில், நூலால் தைத்த ஒரு சிற்றேடு விற்பனைக்கு வைக்கப்பட்டுள்ளது. ஜப்பானின் அகிதா மாகாணத்தில் உள்ள தசாவா ஏரியின் நாட்டுப்புறக் கதையை வைத்து இவ்வூர் வாசகர் சிலர் சேர்ந்து எழுதிய முப்பது ஹைக்கூ கவிதைகள் இதில் உள்ளன; விலை 150 ரூபாய். சுற்றுலா வந்தவர்களுக்கான நினைவுப் பொருள் என்று கவிதை வாசகர்கள் இதைக் கடந்து போய்விடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் கதை இருக்கிறது. தத்சுகோ என்னும் பெண் தன் அழகு என்றும் அழியாதிருக்க வேண்டும் என்று கன்னோன் தெய்வத்திடம் நூறு இரவுகள் வேண்டுகிறாள். தெய்வம் காட்டிய ஊற்றில் நீர் அருந்தியவளுக்குத் தாகம் அடங்காமல், குடிக்கக் குடிக்க ட்ராகனாக மாறி ஏரியின் ஆழத்தில் குடிகொள்கிறாள். மகளைத் தேடி வந்த தாய் துயரம் தாளாமல் கையிலிருந்த கொள்ளிக்கட்டையை நீரில் எறிய, அது குனிமாசு என்னும் மீனாகிறது. ஹச்சிரோதாரோ என்னும் மற்றொரு ட்ராகன் குளிர்காலந்தோறும் தத்சுகோவுடன் தங்க வருவதால்தான், 423 மீட்டர் ஆழமுள்ள, ஜப்பானிலேயே மிக ஆழமான அந்த ஏரி உறைவதில்லை என்பது அம்மக்களின் நம்பிக்கை.

இதிலிருந்து பிறந்த கவிதைகளில் ஆகச் சிறந்தது இது:

உறைபனிக் காலை
ஏரி மட்டும் உறையவில்லை
உள்ளே இருவர்

ஜனவரியில் ஏரியோரப் புல்வெளி முழுதும் வெள்ளை பூத்துக் கிடக்க, நீர்ப்பரப்பில் ஆவி எழுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் இரண்டு அடிகளும் தம் ஊரைப் பற்றியவையாகவே படும். மூன்றாம் அடி வந்ததும் கதை முழுவதும் ஒரு பெயர்கூடச் சொல்லப்படாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது. மரபான ஹைக்கூவுக்குப் பருவத்தைக் காட்டும் பருவச்சொல் (இங்கே ‘உறைபனி’) இன்றியமையாதது. கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதாக வகுத்துக்கொண்ட நமக்கு அது அந்நியமான இலக்கணம் அன்று. 1863-இல் லெவிஞ்ச் என்னும் ஆங்கிலேய அதிகாரி கரை கட்டி உருவாக்கிய நம் ஏரிக்குள் ஒரு தொன்மம் இவ்வளவு இயல்பாக வந்து தங்கியது இந்தப் பருவச்சொல்லால்தான் என்று நினைக்கிறேன்.

தாயைப் பற்றிய கவிதைகளும் மனத்தைத் தொடுகின்றன.

மகளைத் தேடிய கொள்ளி
நீரில் விழுந்து அணைகிறது
ஒரு மீன் விலகிப் போகிறது

இங்கே கொள்ளி மீனாயிற்று என்று சொல்லாமல் விட்டதும், மீனை விலகிப் போக விட்டதும் தேர்ந்த கை செய்த வேலை.

ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கவிதைகள் கதைக்கு விளக்கம் சொல்ல முயன்று வலுவிழக்கின்றன. ‘அழகின் பேராசை / பெண்ணை ட்ராகனாக்கியது / ஏரியே சாட்சி’ என்பதில் காட்சியும் இல்லை, பருவமும் இல்லை; தீர்ப்பு மட்டுமே இருக்கிறது. பாரதியார் 1916-இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியபோது போற்றியது அதன் சொற்சுருக்கத்தைத்தான். மூன்று அடிகளாக உடைத்துவிட்டால் மட்டும் அது வந்துவிடாது. ஜப்பானிய ஹைக்கூவின் ஒலிக்கணக்கைப் பின்பற்றி, அடிக்கு ஐந்து, ஏழு, ஐந்து என்று தமிழ் எழுத்தை எண்ணி, சொல்லை நடுவில் முறித்த சில கவிதைகளையும் நீக்கியிருக்கலாம்.

கெட்டியான கைத்தயாரிப்புத் தாளில் அச்சுத் தெளிவாக உள்ளது. தையலும் உறுதியானது, ஏட்டை முழுவதும் விரித்து வைத்துப் படிக்க முடிகிறது. மழைக்காலத்தில் மலையின் ஈரத்தை இழுத்துத் தாள் நெளிந்துவிடுவதால், வாங்குபவர்கள் உறை கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

எனக்குள்ள பெரிய குறை வேறு. 1940-இல் மின் உற்பத்திக்காக அமிலத்தன்மை மிகுந்த தமகாவா ஆற்று நீரைத் தசாவாவில் திருப்பிவிட்டதால், தாயின் கொள்ளியில் பிறந்ததாகச் சொல்லப்படும் குனிமாசு அங்கே அடியோடு அழிந்தது. முன்னரே வேறு ஏரிகளுக்கு அனுப்பியிருந்த முட்டைகளின் வழிவந்த மீன்கள் 2010-இல் ஃபுஜி மலையடிவாரத்துச் சாய் ஏரியில் உயிருடன் கண்டறியப்பட்டன. கதையைத் தொடர்ந்து நிகழ்ந்த இந்த உண்மை வரலாற்றைச் சிற்றேடு தொடவே இல்லை. அடுத்த பதிப்பில் விளக்கக் கவிதைகளை எடுத்துவிட்டு அந்தப் பக்கங்களைக் குனிமாசுக்குக் கொடுத்தால், கைவசம் ஒரு பிரதி இருந்தாலும் அதையும் நான் வாங்குவேன்.